'மாசம் 32,000 வரும்' என்று கூப்பிடும் லோக்கல் ட்ரெய்லர் வேலை: சேருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று டிரைவர்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் அதே விளம்பரம் மறுபடி வந்தது. மணலி யார்டு, சென்னை துறைமுகம், லோக்கல் கன்டெய்னர் ட்ரெய்லர், தினமும் வீட்டுக்குப் போகலாம், மாதம் 32,000க்கு மேல். இதே வரியைப் பார்த்துத்தான் நானும் போய் மாட்டினேன், அதனால் எழுதுகிறேன்.

எட்டு வருஷம் லைன் வண்டி (வெளியூருக்குப் போகும் நெடுந்தூர லாரி) ஓட்டியவன் நான். பையன் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் லோக்கலுக்கு வந்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். ஆபீஸில் சூபர்வைசர் டீ வாங்கிக் கொடுத்து ஒரு பில் புக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். "சம்பளம் 12,000 தம்பி, டிரிப்புக்கு 400 பேட்டா, ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப், 26 நாள். 32,800 ஆச்சா?" ஆச்சு. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. யார்டிலிருந்து துறைமுகம் 20 கிலோமீட்டர்கூட இல்லையே, ரெண்டு டிரிப் என்ன, மூணே அடிக்கலாம் என்று நான்தான் மனசுக்குள் கூட்டிக்கொண்டேன்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ட்ரெய்லர் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும் மிச்சக் கதை. ராத்திரி பத்து மணிக்கு வரிசையில் நுழைத்த வண்டி காலையில்தான் கேட்டைப் பார்க்கும். அங்கே போனால் ஃபார்ம் 13 (கன்டெய்னரைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான சீட்டு) வரவில்லை என்று ஓரம் கட்டச் சொல்வார்கள், கஸ்டம்ஸ் காகித வேலை பார்க்கும் கிளியரிங் ஆள் போனை எடுக்க மாட்டார். முன்னால் இருக்கும் வண்டி பத்தடி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும், அதனால் தூங்கவும் முடியாது. அந்த மாசம் முழுக்க நான் அடித்தது 23 டிரிப். வெயிட்டிங்குக்கு என்ன அண்ணே என்று கேட்டால், "வண்டி ஓடலையேப்பா, அதுக்கு எப்படிப் படி?" என்கிறார் சூபர்வைசர். ஆனால் வண்டி காத்து நின்றதற்கென்று சரக்குப் பார்ட்டியிடம் கம்பெனி ஹால்டிங் சார்ஜ் வாங்கினது எனக்குத் தெரியும், பில்லை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

சம்பளத்தன்று கையில் கொடுத்த சீட்டு இப்படி இருந்தது: 12,000மும் பேட்டா 9,200மும் சேர்த்து 21,200. டீசல் குறைவு 2,700, டயர் 1,500, பிஎஃப் 1,440 கழித்து 15,560.

டீசல் கதையைக் கேளுங்கள். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று அவர்களே ஒரு மைலேஜ் வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் எரிந்த டீசலை நம் சம்பளத்தில் பிடிப்பார்கள். வரிசையில் விடிய விடிய இன்ஜினை ஆன் பண்ணி ஆஃப் பண்ணி ஊர்ந்தால் அந்த மைலேஜ் எந்த ஜென்மத்தில் வரும்? ஆக, எந்த வரிசை என் டிரிப்பைக் குறைத்ததோ அதே வரிசை என் சம்பளத்திலும் கை வைத்தது. பிஎஃப் இன்னும் மோசம். யுஏஎன் எண் (பிஎஃப் கணக்கைப் பார்க்க நமக்குத் தரும் நம்பர்) கேட்டேன், வரும் வரும் என்றார்கள், இன்றுவரை வரவில்லை.

நான் பாக்கெட் நோட்டில் நேரம் எழுதும் பழக்கம் உள்ளவன் (லைனில் ஓடும்போது பழகினது). கூட்டிப் பார்த்தால் 364 மணி நேரம். மணிக்கு 43 ரூபாய்கூட வரவில்லை. 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்பது 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 26 நாளுக்கு 208 மணி போக மீதி 156 மணி எனக்கு ஓவர்டைம், அவர்கள் சொன்ன அதே 12,000த்தை வைத்துப் போட்டாலும் அதற்கு மட்டும் 18,000 வந்திருக்க வேண்டும். பேட்டாவே வேண்டாம், 30,000 ஆகியிருக்கும்.

அதனால் எவ்வளவு வரும் என்று ஆபீஸில் கேட்காதீர்கள், அங்கே பேனா அவர்கள் கையில். யார்டு கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அரை மணி உட்கார்ந்து, அந்த கம்பெனி வண்டியை ஓட்டுகிறவரிடமே போன மாசம் எத்தனை டிரிப், கையில் எவ்வளவு என்று கேளுங்கள், மறைக்க மாட்டார். ஒரு டிரிப்கூட இல்லாத மாசத்தில் என்ன கொடுப்பீர்கள், எத்தனை மணிக்கு மேல் நின்றால் வெயிட்டிங் படி, டீசல் எப்படி அளப்பீர்கள் என்பதை மட்டும் ஆபீஸில் கேட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். அப்புறம், ஒரிஜினல் லைசென்ஸைக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் கொடுத்துவிட்டு, வேலையை விட்ட பிறகு அதை வாங்க மூணு வாரம் நடந்தேன்.

இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி வண்டி. நிலைச் சம்பளமே 19,000, டிரிப் கணக்கு கிடையாது, நின்றாலும் நேரத்துக்குக் காசு உண்டு. அந்தப் பழைய ஆபீஸ் எனக்குத் தர வேண்டிய 11 நாள் சம்பளம் மட்டும் இன்னும் வரவில்லை.