கேபினட் ஃபேன்கள்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

என் கணினியின் கேபினட்டில், அதாவது பாகங்களெல்லாம் இருக்கும் பெட்டியில், முன்பக்கம் இரண்டு 140 மி.மீ. ஃபேன் காற்றை உள்ளே இழுக்கின்றன. பின்பக்கம் ஒரே ஒரு 120 மி.மீ. ஃபேன் வெளியே தள்ளுகிறது. மேலே மூன்று ஃபேன் மாட்ட இடம் இருக்கிறது, ஆனால் இப்போது அங்கே எதுவும் இல்லை. பிராசஸரைக் குளிர்விக்க டவர் கூலர், அதாவது கோபுரம் போல நிற்கும் உலோகத் தகடுகளும் ஃபேனும். கிராஃபிக்ஸ் கார்டு முழு வேலையில் 200 வாட்டைத் தாண்டும். வீடியோ எடிட்டிங், ரெண்டரிங், நேரம் கிடைத்தால் கேம். கேபினட் ஆரம்பத்திலிருந்து ஒன்றேதான், ஃபேன்கள்தான் பலமுறை இடம் மாறியிருக்கின்றன.

புதிதாகக் கணினி கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை ஃபேன் போடலாம் என்றுதான். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது, ஃபேனின் வேகம் எவ்வளவு நிதானமாக ஏறி இறங்குகிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள் என்பேன். எண்ணிக்கை அதற்குப் பிறகு.

மேல்பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே முன் ஓரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் (காற்றை வெளியே தள்ளுவது) வைத்தால், முன்பக்க ஃபேன் இழுத்த குளிர்ந்த காற்று பிராசஸர் கூலரை எட்டும் முன்பே மேலே போய்விடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெல்லிய டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து மேல் வலைக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள். கணினி சும்மா இருக்கும்போதே முன் ஓரத்தில் பேப்பர் துடிக்கும், கையை வைத்தால் காற்று சில்லென்று இருக்கும். எந்தச் சூட்டையும் சுமக்காமல் வெளியேறும் காற்று அது. பின் ஓரத்தில், கூலருக்கு நேர் மேலே வைத்தால் கதை வேறு. அங்கே போவது கூலரைத் தாண்டி வந்த சூடான காற்று. பிராசஸர் அதிகச் சூடு கக்குகிற ரகமாக இருந்தால் அந்த ஒரு ஃபேன் பயன்படும். என் கணினியில் அதை எடுத்தபோது ஓரிரு டிகிரிதான் கூடியது. மேல் துவாரங்களை மூடிவிட்டதில் உள்ளிருந்து வரும் இரைச்சல் நன்றாகக் குறைந்தது. எனக்கு அது லாபமான பேரம்.

சூடான காற்று மேலே போகும், அதனால் எக்ஸாஸ்ட் மேலேதான் இருக்க வேண்டும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். தானாக எழும்பும் காற்றின் விசை, மெதுவாகச் சுற்றும் ஃபேனோடு ஒப்பிட்டால்கூட மிகச் சொற்பம். ஃபேன் தள்ளும் திசையில்தான் காற்று போகும்.

அடுத்தது தூசி. இரண்டு பெரிய இன்டேக் (காற்றை உள்ளே இழுப்பது), ஒரு சின்ன எக்ஸாஸ்ட் என்று வைத்திருப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், மிச்சக் காற்று இடுக்குகள் வழியாக வெளியே கசியும். எக்ஸாஸ்ட் அதிகமானால் அதே இடுக்குகள் வழியாக, வடிகட்டி எதுவும் இல்லாமல், தூசி உள்ளே இழுபடும். மேலேயும் ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பின்பக்க ஸ்லாட் தகடுகளின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் கோடு போட்டது போலத் தூசி படிந்திருக்கும். முன்பக்க யூஎஸ்பி துளைக்குள்ளேயும் இருக்கும். இப்போது ஏறக்குறைய எல்லாமே முன்பக்க ஃபில்டரில் தங்கிவிடுகிறது. அதைக் கழற்றித் தட்டினால், அல்லது கழுவிக் காயவைத்து மாட்டினால் போதும். எப்போது செய்வது என்பதற்கு நாள் குறித்து வைக்கத் தேவையில்லை: வழக்கமாகச் செய்யும் அதே வேலைக்குக் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏர் பிளோயர் வைத்துச் சுத்தம் செய்கிறவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும்.

ஃபேன் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். காற்றின் அளவு என்று போட்டிருப்பது முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. அழுத்தம் என்று போட்டிருப்பது காற்று நகரவே வழியில்லாதபோது கிடைப்பது. உதாரணமாக, நாக்சுவா என்ற நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 மாடலுக்கு மணிக்கு 102.1 கன மீட்டர், 2.34 மி.மீ. நீர் அழுத்தம் என்று இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஃபில்டர், வலை, முன்பக்கத் தகடு எல்லாவற்றையும் தாண்டித் தள்ளும்போது இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் ஃபேன் வேலை செய்யும். முன்பக்கம் ஃபில்டரோடு இருக்கிற கேபினட்டுக்கு அழுத்தம் தரும் ரகமே நல்லது. ஆர்க்டிக் நிறுவனத்தின் பி12 அந்த வகையில் கொடுக்கும் விலைக்கு மேலாகவே வேலை செய்யும் ஃபேன். நாக்சுவா மாடலில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். சூட்டிலும் சுழற்சியிலும் நீண்டுவிடாத பிளாஸ்டிக் கலவையில் இறக்கையைச் செய்தால்தான் அது சாத்தியம். விலை ஏன் அவ்வளவு என்பதற்கு அதுவும் ஒரு பதில்.

சத்தத்தைப் பொறுத்தவரை வேகம்தான் எல்லாம். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் கணக்குப்படி சுமார் 15 டெசிபல் குறையும். அதே ரகத்தில் இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல். அப்படியானால் நிறைய ஃபேன் வைத்து எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டுவதுதானே நல்லது என்று கேட்கலாம். ஓர் எல்லை வரை நல்லதுதான். முன்பக்கம் ஒன்றிலிருந்து இரண்டாக மாற்றியபோது வித்தியாசம் காதுக்கே தெரிந்தது. ஆனால் மூன்று ஃபேன் 700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 700 சுற்று) ஓடும்போதே அறையின் சத்தத்தில் அது அமுங்கிவிடுகிறது என்றால், ஆறு போட்டு 400க்கு இறக்குவதில் கேட்க எதுவும் மிச்சம் இல்லை.

வருடக்கணக்கில் ஓட்டும்போதுதான் பேரிங்கின், அதாவது ஃபேனின் அச்சு சுழல இடம் தரும் பாகத்தின் அருமை தெரியும். கேபினட்டோடு வந்த ஃபேன் ஒன்று சாதாரண ஸ்லீவ் பேரிங். மேல்பக்கம் படுக்கை வாக்கில் இருந்த அது, நாளடைவில் டிக்டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. இந்த ரகத்தை நிமிர்த்தி மாட்டினால் ஓரளவு தாங்கும், படுக்கவைத்தால் சீக்கிரம் தேயும். மேலேயோ கீழேயோ மாட்டுவதாக இருந்தால் ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்கோ பால் பேரிங்கோ உள்ளதை வாங்குங்கள். சத்தம் வந்த உடனேயே ஃபேனைக் குறை சொல்லவும் வேண்டாம். பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் அதிர்வது தகடு. ரப்பர் வாஷர் போட்டாலே சரியாகிவிடும். சில ஃபேன்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ரீங்கரிக்கும். அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்படி அமைப்பை மாற்றிவிடலாம்.

அமைப்பு என்றால் ஃபேன் கர்வ்: எந்தச் சூட்டில் ஃபேன் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்ற கணக்கு. என் கணினியை மிக அதிகமாக மாற்றியது, காசே செலவாகாத இந்த வேலைதான். மதர்போர்டில் வரும் அமைப்பு பெரும்பாலும் பிராசஸர் சூட்டைப் பார்த்தே கேபினட் ஃபேன்களையும் ஓட்டும். பிரவுசரைத் திறந்தாலே பிராசஸர் ஒரு நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி தாவி, அடுத்த நொடியே இறங்கும். அதற்கெல்லாம் கேபினட் ஃபேன் உறுமி அடங்கத் தேவையில்லை. விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளால் முன்பக்க ஃபேன்களைக் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டோடு கட்டிவிட்டேன். 60 டிகிரி வரை 600 ஆர்பிஎம், 75 டிகிரியில் 1,000, அதற்கு மேல் இல்லை. ஏறவும் இறங்கவும் சில நொடி தாமதம். பயாஸிலேயே (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) செய்கிறவர்கள் அந்தத் தாமத வசதியைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தம்தான் வேலையைக் கெடுக்கும்.

இணைப்பில் இரண்டு விஷயம். இணைப்பியில் நான்கு பின் (உலோக முள்) உள்ள ஃபேன் பிடபிள்யூஎம் முறையில், அதாவது வேகத்துக்கென்று தனியாக வரும் மின் துடிப்புகளைக் கேட்டு ஓடும், மூன்று பின் ஃபேனுக்கு வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். பயாஸில் அந்த ஹெட்டரை (மதர்போர்டில் ஃபேனைச் செருகும் இடம்) சரியான முறைக்கு மாற்றாவிட்டால் மூன்று பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். ஒரு ஹெட்டர் பெரும்பாலும் 1 ஆம்பியர் வரை தாங்கும். ஸ்ப்ளிட்டரில் (ஒரு ஹெட்டரைப் பலவாகப் பிரிக்கும் வயர்) பல ஃபேன்களைக் கோர்க்கும் முன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். வண்ண விளக்கு ஃபேன் என்றால் 5 வோல்ட் இணைப்பை 12 வோல்ட் ஹெட்டரில் செருகவே கூடாது, விளக்குகள் அங்கேயே போய்விடும்.

இன்னும் ஒரு ஃபேன் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கனமான வேலை கொடுத்து, சூடு ஒரு நிலைக்கு வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே அறையில் அதே வேலையைத் திரும்ப ஓட்டுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் கேபினட்டுக்குள் காற்று போதவில்லை. இன்டேக்கைக் கவனிக்க வேண்டும். ஓரிரு டிகிரிதான் இறங்கியது என்றால் எத்தனை ஃபேன் சேர்த்தாலும் பெரிதாக மாறாது. அப்போது பார்க்க வேண்டியது பிராசஸர் கூலரையும் அதன் அடியில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும்.