காத்திருக்கத் தெரியாதவளோடு மூன்று வாரம்

விமானத்தை விட்டு இறங்கி இமிக்ரேஷன் வரிசையில் வந்து நின்றபோது வெளியே விடிந்திருந்தது. மகளின் உடம்புக்கு அது நடுராத்திரி. தோளில் சாய்ந்து கிடந்தவள், வரிசை பத்தடி நகர்வதற்குள் விழித்துக்கொண்டாள். இறக்கிவிட்டால் தடுப்புக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கினாள், தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்து அழுதாள். எனக்கு முன்னால் அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். "கைக்குழந்தையோட ஏம்மா அங்க நிக்கறீங்க? இப்படி வாங்க" என்று தடுப்பைத் திறந்து ஓரத்துக் கவுன்டருக்கு அழைத்துப் போனார். கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கவுன்டரில் குழந்தைகளோடு வருபவர்களுக்கு என்று எதுவும் எழுதி இருக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு தம்பதி, ஆறேழு மாதக் குழந்தையைத் தோளில் தூங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். அந்தக் குழந்தை அழவில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. நான் திரும்பிச் சொன்ன பிறகுதான் அவர்களையும் அழைத்தார்கள். பிறகு வந்த மூன்று வாரமும் போன இடமெல்லாம் இதே கதைதான். உதவிக்குக் குறைவே இல்லை. கேட்டால் கிடைக்கிறது, கேட்காதவருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, யாராவது பார்த்து அழைக்கட்டும் என்று நிற்க முடியாது. ஊருக்குக் குழந்தையோடு கிளம்பும் மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் டிக்கெட்டிலேயே தொடங்கியது. கிளம்பும்போது அவளுக்கு ஒரு வயது பதினொரு மாதம். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தையாகவே போக வர இரண்டுக்கும் இணையத்தில் பதிவு செய்தேன், அதுவும் பதிவாகிவிட்டது. ஆனால் இரண்டு வயது முடிந்த நாளிலிருந்து குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தாலும் திரும்பும் விமானத்துக்கு அந்த விதி பொருந்தும். வேறு ஏதோ கேட்பதற்காக நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, பேசிய பெண் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னார். இல்லையென்றால் திரும்பும் நாளில், நிரம்பிய விமானத்தின் கவுன்டரில்தான் எனக்கு இது தெரிந்திருக்கும்.

அதே போனில் தொட்டிலும் கேட்டேன். முன்வரிசைச் சுவரில் மாட்டும் அந்தத் தொட்டில் ஒரு விமானத்தில் சிலதான் இருக்கும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எங்களுக்குச் சொன்னது 11 கிலோ, அவள் அப்போது பதினொன்றேகால். ஆக, தொட்டில் இல்லை என்றாகிவிட்டது. ஆனாலும் முன்வரிசை இருக்கையைக் கொடுத்தார்கள், அவள் நின்று விளையாடக் காலடியில் இடம் கிடைத்தது. கணவர் ஒரு வாரம் கழித்துத்தான் வருவதாக இருந்ததால், மகளை நான் தனியாக அழைத்துப் போக அவருக்குச் சம்மதம் என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வைத்திருந்தேன். கிளம்பிய விமான நிலையத்தில் அதைக் கேட்டார்கள். பால், மருந்து எல்லாம் 100 மில்லிக்கு மேல் இருந்தாலும் விட்டார்கள். பையிலிருந்து முன்கூட்டியே எடுத்து, குழந்தைக்கானது என்று தனியாகக் காட்டியதால் சோதனை சீக்கிரம் முடிந்தது.

தரையிறங்கும்போது காது வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது எழுப்புவது என்பதில்தான் நான் முன்பு ஒருமுறை தவறு செய்தேன். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும், காதில் அழுத்தம் மாறுவதும் அப்போதே. தூங்கும் குழந்தை எச்சில் விழுங்குவது குறைவு. இந்த முறை பணிப்பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தேன். இறங்கத் தொடங்கியதும் வந்து தோளைத் தட்டினார். மகளை எழுப்பி மெதுவாகப் பால் குடிக்க வைத்தேன், அழவில்லை.

வெளியே அப்பா டாக்ஸியோடு காத்திருந்தார். எங்களிடம் குழந்தைக்கான கார் சீட் இருந்தது, தள்ளுவண்டி போல அதையும் நிறுவனம் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றி வந்திருந்தது. வண்டியின் பின் சீட்டில் பெல்ட் இருந்தது, ஆனால் மாட்டும் கொக்கி சீட் உறைக்கு அடியில் புதைந்து போயிருந்தது. ஓட்டுநர் தம்பி, "மடியில வச்சுக்கலாம்க்கா, நான் மெதுவாத்தான் போவேன்" என்றார். அப்பாவும் அதையே சொன்னார். வண்டி சட்டென்று நிற்கும்போது பதினொரு கிலோக் குழந்தையின் பாரம் பல மடங்காகத் தெரியும். பெற்றவளின் கையாக இருந்தாலும் பிடித்து நிறுத்த முடியாது. அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் உறையைக் கழற்றி, இடுக்கில் கை விட்டு, கொக்கியை வெளியே இழுத்துக் கொடுத்தார். மாட்டி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அந்த மூன்று வாரமும் அவரையேதான் அழைத்தோம். ஒவ்வொரு முறையும் உறையை முன்பே கழற்றி வைத்துக்கொண்டுதான் வருவார்.

வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் ஒரு பெரிய பாடாக இருந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேர வித்தியாசம். உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும், எனவே ஐந்து நாள் ஆகும் என்று தெரிந்தேதான் வந்தேன். முதல் மூன்று இரவும் ஒரு மணி, இரண்டு மணிவரை விழித்திருந்தாள். பகலில் மதியம்வரை தூங்கவிட்டால் இது தீராது. காலையில் எழுப்பி வெளிச்சத்தில் உட்கார வைக்க வேண்டும். அம்மாவுக்கு மனசே வரவில்லை. "பாவம், தூங்கட்டும்டி" என்பார். நான்காம் நாள் காலை அம்மாவே அவளை எழுப்பி வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அப்புறம் சரியாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன.

குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் எங்கள் டோக்கன் எண் 31. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது 8. சின்ன அறை, இருமும் குழந்தைகள், ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். "அதுக்கென்ன, நம்பர் எழுதிட்டுப் போங்க, ரெண்டு டோக்கன் முன்னாடி கூப்பிடறேன்" என்றார். சொன்னபடியே கூப்பிட்டார். போகும்போது, மூத்திரம் போனாளா, எத்தனை முறை, குடிக்கிறாளா என்று குறித்து வைக்கவும் சொன்னார். அறையில் இருந்த மற்ற பெற்றோருக்கும் இப்படிப் போய்க் காத்திருக்கலாம் என்று தெரிந்திருந்தால் அந்த அறையே பாதி காலியாகியிருக்கும்.

உள்ளே போனதும் உடுப்பைக் கழற்றிவிட்டு எடை பார்த்தார்கள், 11.2 கிலோ. மருத்துவர் அவசரப்படவில்லை. அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், வாயின் ஈரத்தைப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். நீர்ச்சத்து அதிகம் இறங்கவில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஓஆர்எஸ் கரைசலும், 14 நாளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையும் எழுதினார். போக்கு நின்ற பிறகும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். எப்போது உடனே திரும்பி வர வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதினார்: மலத்தில் ரத்தம், குடிக்க மறுப்பது, குழிந்த கண்கள், எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, ஆறு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் போகாதது. வெளிநாட்டில் நான் பார்த்த எந்த மருத்துவரும் இவ்வளவு தெளிவாக எழுதித் தந்ததில்லை.

பயந்த இடம் அதற்கடுத்த மருந்துக்கடை. சீட்டில் இருந்தது 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால் சிரப், ஒரு வேளைக்கு 7 மில்லி. கடையில் அது தீர்ந்துவிட்டது. வேறொரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா, அதே அளவு குடுங்க" என்றார் அங்கிருந்தவர். பாட்டிலின் சின்ன எழுத்தைப் படித்தேன். 5 மில்லியில் 250 மில்லிகிராம். குழந்தைக்குப் பாராசிட்டமால் எடைக்கு ஏற்பக் கொடுப்பது, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் இவளுக்கு ஒரு வேளைக்கு 168. பழைய சிரப்பில் 7 மில்லி என்பது சரியாக அந்த அளவு. இந்தப் பாட்டிலில் 7 மில்லி கொடுத்தால் 350 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு நாளைக்கு நான்கு வேளை, இரண்டு மூன்று நாள் அப்படிக் கொடுத்திருந்தால் கல்லீரலுக்கே ஆபத்து.

பாட்டிலைத் திருப்பிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. உடனே கிளினிக்குக்குப் போன் போட்டுக் கொடுத்தார், இந்த சிரப்பானால் 3.3 மில்லி என்று நர்ஸ் மருத்துவரிடம் கேட்டுச் சொன்னார். கடைக்காரர் அதைப் பாட்டிலின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டி, மூடியில் 3.3 அளக்க முடியாது என்று ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றும் தந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரே மருந்து சொட்டு மருந்தாக ஒரு செறிவிலும் சிரப்பாக வேறு வேறு செறிவிலும் விற்கும் இடத்தில், எத்தனை மில்லி என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் எடையையும் கையில் வைத்திருங்கள்.

வீட்டில் ஓஆர்எஸ் கலக்குவதிலும் ஒரு சின்ன வாக்குவாதம். ஒரு டம்ளருக்குப் பாதிப் பொட்டலம் போதும் என்றார் அம்மா. அந்தப் பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. டம்ளரில் பாதியைப் போட்டால் உப்பு ஏறிவிடும், போக்கு இன்னும் கூடும். கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு லிட்டராகவே கலக்கினோம், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட்டோம். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. ஒருமுறை வாந்தி எடுத்தாள். பத்து நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பித்தோம். இரவு முழுக்க அம்மாவும் நானும் மாறி மாறிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் எழுந்து தாத்தாவின் கண்ணாடியைப் பிடுங்கினாள். அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

உறவினர் வீட்டுக்கு ரயிலில் போனோம். நிலையத்தில் தாய்மார் அறை என்று பலகை இருந்தது, கதவில் பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் என்று நான்கு பேரைக் கேட்க வேண்டி வந்தது. கிடைத்த பிறகு பார்த்தால் சுத்தமான அறை, மின்விசிறி, படுக்க வைத்து டயப்பர் மாற்ற ஒரு மேஜை. இவ்வளவு நல்ல அறையைப் பூட்டி வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. சாவி இருக்கும் இடத்தைக் கதவிலேயே எழுதி வைத்தால் போதும். அங்கிருந்த அதிகாரியிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஓர் அட்டைக்காக மகளுக்குப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைப் பின்னணி, கண் திறந்து, வாய் மூடி, வேறு யார் கையும் தெரியாமல். முதல் ஸ்டூடியோவில் ஸ்டூலில் உட்கார வைத்து அரை மணி நேரம் போராடிவிட்டு வந்துவிட்டோம். இரண்டாவது கடைக்கு, அவள் நன்றாகத் தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். அந்த அண்ணன் கேமராவை உடனே எடுக்கவில்லை. முதலில் தரையில் வெள்ளைத் துணியை விரித்து அவளைப் படுக்க வைத்தார், தானும் பக்கத்தில் உட்கார்ந்து சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். அவள் சிரித்து ஓய்ந்து வாயை மூடிய ஒரு நொடியில் மேலிருந்து எடுத்துவிட்டார். மூன்று படத்தில் வேலை முடிந்தது.

திரும்பும்போது அவளுக்கு இரண்டு வயதாகிப் பன்னிரண்டு நாள். தனி இருக்கை இருந்ததால், விமானத்தில் பயன்படுத்தலாம் என்று ஒட்டியிருந்த அந்தக் கார் சீட்டையே அதில் மாட்ட அனுமதி வாங்கி வைத்திருந்தோம். நடு இருக்கையில் வைத்தால் மற்றவர் வெளியேற வழி மறையும் என்று பணிப்பெண் சொன்னார். ஜன்னலோரம் இருந்த பெரியவர் எங்களைக் கேட்கக்கூட விடாமல் எழுந்து இடம் மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரமாக டாக்ஸியில் உட்கார்ந்து பழகிய அதே இருக்கை. பெல்ட்டை மாட்டியதும் அவளே குனிந்து கொக்கியைத் தட்டிப் பார்த்தாள். விமானம் ஓடுபாதைக்குத் திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள்.