வேலையாள் இல்லாமல் போட முடியாத கையில்லாக் கோட்டு

சீன இணையக் கடைகளின் நவம்பர் 11 தள்ளுபடியில் நான் போடும் கையில்லாக் கோட்டின் விலை பாதியாகிவிட்டதாம், வாங்கலாமா என்று அலுவலகத் தோழி கேட்டாள். பதில் நீண்டுவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

சீனாவை ஆண்ட சிங் அரச மரபின் காலத்தில், அந்த மரபின் இனமான மஞ்சு வீரர்களின் பெயரால் வழங்கிய 'பாத்துரு' கையில்லாச் சட்டையைப் பார்த்து வடிவமைத்தது இது. வெளியே தண்ணீர் ஒட்டாத கருப்பு நைலான், உள்ளே வாத்துத் தூவி. கனமே தெரியாது, கதகதப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச வேண்டியது பட்டன்களைப் பற்றித்தான்.

மொத்தம் 13. நெஞ்சுக்கு மேலே குறுக்காக ஏழு, அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் மும்மூன்று. நடுவில் திறப்பே கிடையாது. எல்லாவற்றையும் அவிழ்த்தால் முன்பக்கம் தனித் துண்டாகக் கையோடு வந்துவிடும். இது அழகுக்காக வந்த வெட்டு இல்லை. அந்தக் காலத்தில் இதை ரோமத் தோலில் தைத்து அங்கிக்கு உள்ளே போட்டார்கள். புழுங்கினால் மேலே இருப்பதைக் கழற்றாமல், கையை உள்ளே விட்டு அவிழ்த்து உருவிவிடலாம்.

பெய்ஜிங் குளிர்காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை கட்டடங்களில் நகர வெப்பக்குழாய் ஓடும். தெருவில் மைனஸ் பத்து, உள்ளே நுழைந்தால் வியர்வை. லிஃப்டில் நின்றபடியே, நீளக் கோட்டைக் கழற்றாமல், உள்ளிருந்து இதை உருவிப் பையில் திணிக்கும்போது ஏதோ வித்தை காட்டியது போல ஒரு சந்தோஷம். இன்றைக்கும் அது குறையவில்லை.

சரி, திரும்பப் போட வேண்டுமே! பட்டன் என்றால் துணியை முறுக்கிக் கட்டிய முடிச்சு. அதைத் துணி வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். அக்குளில் இருப்பது கண்ணுக்கும் தெரியாது, கையுறையோடு முடியவும் முடியாது. இடது பக்க முடிச்சு ஒன்று பையின் வார் உரசி உரசிப் பிய்ந்தேவிட்டது. விற்றவர்களுக்கு எழுதினால், கைவேலைப்பாடு, மென்மையாகப் பயன்படுத்துங்கள் என்கிறார்கள். போர்வீரன் உடுப்பை மென்மையாகவா?

கடைசியில் சந்துமுனையில் தைக்கும் அம்மாதான் பக்கத்துக்கு மூன்று பிரஸ் பட்டன் வைத்து, முடிச்சுகளை மேலே சும்மா அலங்காரத்துக்கு விட்டுக் கொடுத்தார். இருபது யுவான். அந்த நிறுவனத்துக்கு இது தோன்றவில்லை.

பழைய வழக்கம் என்னவென்று அப்புறம் படித்தேன். மேல் வரிசையை மட்டும்தான் இதைப் போட்டிருக்கும் அரசு அதிகாரி தானே அவிழ்ப்பாராம். பக்கப் பட்டன்களை அவிழ்க்க வேலையாள் உண்டு. வடிவமைப்பாளர் 13 பட்டன்களையும் அப்படியே எடுத்துக்கொண்டார், வேலையாளைத்தான் பெட்டியில் வைக்கவில்லை.

ஆகவே, வாங்காதீர்கள். இந்த விலைக்கும் வேண்டாம். நான் சாம்பல் நிறத்தில் இன்னொன்று ஆர்டர் செய்திருக்கிறேன். வந்ததும் பிரிக்காமல் நேராக அந்த அம்மாவிடம் போகும்.