பழனிக்கு நடக்கிறவர்கள் கவனத்துக்கு: ரூம் புக்கிங்கில் என் காசு போன கதை

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பது எங்கள் வீட்டில் மாமா தொடங்கி வைத்த பழக்கம். 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஐந்து நாள் நடை. இதுவரை ரூம் தேடியதே கிடையாது. மண்டபம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், யாராவது போட்டிருக்கும் பந்தல், எங்கே துண்டை விரித்தாலும் தூக்கம் வந்துவிடும். சோற்றுக்கும் குறைவில்லை. எலுமிச்சைச் சாதத்தை வேண்டாமென்றால் கோபித்துக்கொள்கிற ஆட்கள் வழியெல்லாம் நிற்கிறார்கள்.

இந்தத் தடவை அம்மாவும் அத்தையும் பஸ்ஸில் நேராகப் பழனிக்கு வருவதாக ஏற்பாடு. இரண்டு பேருக்கும் மூட்டுவலி, தரையில் படுக்க முடியாது. அதனால்தான் ரூம்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத் திண்ணை. இரவு பத்து மணி. உப்புப் போட்ட வெந்நீரில் கால் இரண்டையும் விட்டுக்கொண்டு போனில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் மலைக்கோயில் படம், 'தேவஸ்தான தங்கும் விடுதி' என்ற தலைப்பு, கீழே ஒரு செல் நம்பர். அழைத்தேன்.

"முருகா சரணம், சொல்லுங்க சாமி" என்று எடுத்தார் ஒருவர். குரலில் அப்படி ஒரு பணிவு. ஏசி ரூம், ஒரு நாளைக்கு 1,800, இன்னும் ரெண்டே ரூம்தான் இருக்கு என்றார். பணம் போடப் போனால் திரையில் கோயில் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர். கேட்டேன். "அது எங்க கேஷியர் நம்பர் சாமி." சரி என்று போட்டுவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்புறம் அவரே கூப்பிட்டார். தொகை ரவுண்டாக இருந்ததால் சிஸ்டம் ஏற்கவில்லையாம், 1,801 ஆக மறுபடி போடணுமாம், முதலில் போட்டது பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுமாம். அதையும் போட்டேன். மூன்றாவதாக 5,000 டெபாசிட் கேட்டார். போட்டிருப்பேன், சத்தியமாக. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

காலையில் வாட்ஸ்அப்பில் ரசீது வந்திருந்தது. முத்திரை, அறை எண் 214, எல்லாம் இருந்தன. நிம்மதியாக நடந்தோம். ஆயக்குடியில் உப்பு மிளகாய்த்தூள் தூவிய கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன். "டேய், இங்க நம்ம பேரே இல்லைங்கறாங்கடா."

மிச்ச தூரத்தை எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. விடுதி கவுன்டரில் இருந்தவர் என் ரசீதை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "இன்னைக்கு நீங்க நாலாவது ஆளு சார். 214னு ஒரு ரூமே இங்க கிடையாது" என்றவர், ரசீதின் தலைப்பை விரலால் தொட்டுக் காட்டினார். 'தண்டாயுதபானி'. மூன்று சுழி ணிக்குப் பதில் இரண்டு சுழி னி. முருகன் பெயரையே தப்பாக எழுதியிருக்கிறான், நான் பகல் முழுக்க அதைப் பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

அன்று இரவு அம்மாவும் அத்தையும் மண்டபத்துத் தரையில்தான் படுத்தார்கள். மாமா ஒன்றும் திட்டவில்லை. "அஞ்சு நாள் நடந்தவனுக்குப் புத்தி கால்லதான் இருக்கும், விடு மாப்ள" என்றார். அது திட்டை விட மோசம்.

மறுநாள் 1930க்கு அழைத்தேன். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. பணம் போன 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள், எடுத்து வைத்துக்கொண்டு அழையுங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. நான் வெட்கத்தில் ஒரு ராத்திரியை வீணாக்கினேன். 3,601 ரூபாய் இன்னும் வரவில்லை.

கோயில் பக்கத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். தேடலில் முதலில் வருவதெல்லாம் கோயில் இல்லை, காசு கொடுத்து யாரும் மேலே வரலாம். பணம் போடும்போது தனி ஆள் பெயர் வந்தால் எவ்வளவு கால் வலித்தாலும் போனைக் கீழே வையுங்கள்.

இதை எழுதுவதற்கு முன் மனைவியின் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"முருகா சரணம், சொல்லுங்க சாமி."