மயக்க டாக்டரின் முன்பரிசோதனைப் பிரிவு: கோவை மருத்துவமனை ஒன்றின் சேவை பற்றி

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் ‘அனஸ்தீசியா பிட்னஸ் வாங்கிட்டு வாங்க’ (மயக்க மருந்தைத் தாங்கும் உடல்தகுதிச் சான்று) என்று அனுப்பப்படும் அறையை, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி வரிசையில் இன்னொரு முத்திரை வாங்கும் இடமாகவே நம்மில் பெரும்பாலோர் கருதுகிறோம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை இதற்கெனத் தனிப் பிரிவு நடத்துகிறது. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி செய்யவிருந்த என் பெரியம்மாவைக் காங்கேயத்திலிருந்து அங்கே அழைத்துச் சென்றேன். குறைகளையும் எழுதவிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை விழுங்கும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இந்தப் பிரிவு என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

காத்திருப்பு நீளம், டோக்கன் முறை பெயரளவுக்குத்தான். நிரப்பித் தரச்சொல்லும் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. உடன் வந்தவர்கள் படித்துச் சொல்லாவிட்டால் பாதிக் கட்டங்கள் வெறுமையாகவே மருத்துவரிடம் போகும். ஆனால் அந்த மருத்துவர் படிவத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை என்பதே இந்தப் பிரிவின் முதல் சிறப்பு.

“தூக்கத்துக்கு ஏதாச்சும் மாத்தரை போடறீங்களாம்மா?” என்று கேட்டார். “அதெல்லாம் இல்லீங்க” என்றார் பெரியம்மா. அதோடு விடாமல், கொண்டுவந்த மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்க்கச் சொன்னார். சர்க்கரைக்கான மெட்பார்மின், டாபாகிளிப்ளோசின், அழுத்தத்துக்கான டெல்மிசார்டன் எல்லாம் சீட்டில் இருந்தவை. மூட்டுவலிக்கு அவ்வப்போது போடும் டிராமடால் சீட்டில் இல்லை; சித்த மருந்துக்கடையில் வாங்கிய அமுக்கரா சூரணமும் இல்லை. இவற்றோடு, மெடிக்கல் கடையில் கத்தரியால் வெட்டிக் கொடுத்த ஒரு துண்டுப் பட்டை. பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது; விலையும் காலாவதித் தேதியும் மட்டும் மிச்சம். “அது தூக்க மாத்தரை இல்லீங்க, நரம்புக்குக் குடுத்ததுங்க, ராத்திரிக்கு ஒண்ணு” என்று பெரியம்மா விளக்கினார். அங்கேயே காங்கேயத்துக் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது அது அல்பிரசோலாம் என்று தெரிந்தது.

அல்பிரசோலாம், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் பென்சோடயசிபைன் வகையைச் சேர்ந்தது. அறுவை அரங்கில் பதற்றம் தணியக் கொடுக்கும் மிடசோலாமும் அதே வகை. இவ்வகை மருந்துகள் மூளையின் துடிப்பைத் தணிக்கும் காபா ஏற்பியில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ள, நினைவிழக்கச் செய்யும் புரோபோபால் அதே ஏற்பியின் வேறோரிடத்தில் வேலை செய்கிறது. இரண்டும் சேரும்போது விளைவு வெறும் கூட்டலாக நிற்பதில்லை. கூட்டுத்தொகையைத் தாண்டிப் போகிறது. மிடசோலாமும் புரோபோபாலும் இப்படி ஒன்றையொன்று பெருக்குவதை ஹாங்காங்கில் ஷார்ட், சுய் என்ற இருவர் 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1990இல், பெய்லியும் உடனாய்வாளர்களும் செய்த ஆய்வு இன்னும் அழுத்தமானது. நல்ல உடல்நிலையில் இருந்த 12 தன்னார்வலர்களுக்கு மிடசோலாமை மட்டும் கொடுத்தபோது சுவாசத்தில் குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை. அபினைப்போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை வலிநிவாரணியான பென்டானிலை மட்டும் கொடுத்தபோது 6 பேருக்கு ஆக்சிஜன் குறைந்ததே தவிர எவருக்கும் மூச்சு நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது, 6 பேருக்கு மூச்சே நின்றது.

ஆனாலும் மயக்க மருத்துவர்கள் இந்தக் கூட்டு விளைவுக்கு அஞ்சி ஒதுங்குவதில்லை. அவர்கள் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. ஒரே மருந்தை அதிக அளவில் கொடுத்து இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் வீழ்த்துவதைவிட, பல மருந்துகளைச் சிறிய அளவில் இணைத்துக் கொடுப்பது நல்லது என்ற கருத்தை அமெரிக்க மயக்க மருத்துவர் ஜான் லண்டி 1926இலேயே ‘சமச்சீர் மயக்கம்’ என்ற பெயரில் முன்வைத்தார். பென்டானில் சேர்த்தால் மூச்சுவழி கொடுக்கும் மயக்க வாயுவான ஐசோபுளூரேனின் தேவை ஏறக்குறையப் பாதிவரைகூடக் குறைகிறது. வயதும் இந்தக் கணக்கில் ஒரு மருந்தைப்போலவே நுழைகிறது: 40 வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் இவ்வகை வாயுக்களின் தேவை சுமார் 6 சதவீதம் தாழ்கிறது. கணக்கில் வந்த மருந்தென்றால் கூட்டு விளைவு மருத்துவருக்குக் கைக்கருவி. மஞ்சப்பைக்குள் ஒளிந்திருக்கும் மருந்தென்றால் ஆபத்து. ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று மருந்துகளை இளம் உடலில் வைத்தே அளந்தவை என்பதால், எழுபதைத் தாண்டி ஆறு வகை மருந்து உட்கொள்ளும் ஒருவருக்கு எந்த வரைபடமும் அப்படியே பொருந்தாது. அதனால்தான் பையைக் கவிழ்ப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

மருத்துவர் சொன்ன அறிவுரையில் எனக்கு வியப்பளித்தது, அல்பிரசோலாமை நிறுத்தச் சொல்லாததுதான். நெடுநாள் பழகிய உடலில் அதைச் சட்டென்று நிறுத்தினால் படபடப்பு, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரலாம் என்றும், வழக்கமான அளவிலேயே தொடர்ந்தால் அரங்கில் மிடசோலாமைத் தவிர்த்தோ குறைத்தோ தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். டெல்மிசார்டனை 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொன்னார். புரோபோபால் அழுத்தத்தை இறக்கும்போது உடல் தானாக அதை மீட்கும் வழிகளில் ஒன்றை இந்த மாத்திரை அடைத்துவிடுகிறது. டாபாகிளிப்ளோசினுக்கு மூன்று நாள் இடைவெளி வேண்டுமாம். பட்டினியோடு சேர்ந்தால் சர்க்கரை ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. சூரணத்தை இரண்டு வாரம் முன்பே விடவேண்டும் என்றார். அதற்காக அறுவைத் தேதியையே தள்ளி வைக்கவும் செய்தார். ‘நாட்டு மருந்துதானே’ என்ற நம் ஊர்ச் சமாதானத்தை அவர் கேலி செய்யவில்லை. அதுவும் தூக்கம் தரும் பொருள்தான், அளவு தெரியாத பொருளை என் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் கேட்டார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அறுவை நன்றாகவே முடிந்தது. கோளாறு வீட்டுக்கு அனுப்பும்போது வந்தது. வார்டில் தயாரித்த டிஸ்சார்ஜ் சீட்டில் வலிக்கென டிராமடால் கலந்த மாத்திரையும், அதே பக்கத்தில் நான்கு வரி தள்ளி, இரவுக்கு வழக்கமான அல்பிரசோலாமும் எழுதப்பட்டிருந்தன. டிராமடால் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணியையும் பென்சோடயசிபைனையும் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 ஆகஸ்டில் தன் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. மிதமிஞ்சிய மயக்கமும் சுவாசத் தளர்ச்சியும்தான் காரணம். அரங்கில் மானிட்டரும் மருத்துவரும் பக்கத்தில் இருக்கையில் இவ்வளவு கவனம் காட்டிய மருத்துவமனை, யாரும் கவனிக்காத காங்கேயத்து வீட்டின் இரவுக்கு அதே இணையை எழுதிக் கொடுத்தது பெரிய குறை. முன்பரிசோதனைப் பிரிவின் குறிப்புத்தாள் கோப்பில் பத்திரமாகவே இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டை எழுதியவர் அதைப் புரட்டவில்லை. பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அதே மருத்துவர் அன்று மாலையே திரும்ப அழைத்து, டிராமடாலை எடுத்துவிட்டு வெறும் பாராசிட்டமால் போதும் என்று மாற்றினார், சாக்குப்போக்கு சொல்லவில்லை.

இந்தப் பிரிவின் மருத்துவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அவரைச் சுற்றியுள்ள ஏற்பாட்டுக்குப் பாதிதான். படிவத்தைத் தமிழில் அச்சிடுவதற்கும், மயக்க மருத்துவரின் மருந்துப் பட்டியலை டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதற்கும் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. தாராபுரம், பொள்ளாச்சி, கோபி என்று தொலைவிலிருந்து வருபவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. பிற்பகலில் மருத்துவர் அரங்குக்குப் போய்விட்டால் பயிற்சி மருத்துவர்தான் இருப்பார். வீட்டிலுள்ள மாத்திரை, டானிக், சூரணம், கண்சொட்டு எதையும் விடாமல் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் வாங்கும்போதே பெயர் தெரியும் பக்கத்தை வெட்டாமல் தரச் சொல்லுங்கள்.