கலோரியா, கார்ப்பா? வீட்டுச் சாப்பாட்டுக்கு எந்தக் கணக்கு சரிப்படும்

எடை குறைக்கக் கணக்கு வைத்துச் சாப்பிடுவது என்று முடிவெடுத்தால் இரண்டு வழி இருக்கிறது. வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் கலோரியாக எண்ணலாம், இல்லையென்றால் மாவுச்சத்தை, அதாவது கார்ப்பை, மட்டும் கிராமில் எண்ணலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு இப்போது நான் கார்ப் கணக்கில்தான் இருக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அடிப்படை தெரிந்ததுதான். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. செலவாவதைவிடக் குறைவாக உள்ளே போனால் எடை இறங்கும், எதை எண்ணினாலும் இது மாறாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஆக, எதைக் குறைத்தால் வேகமாக இளைப்போம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கணக்கை நம் வீட்டு அடுப்படியில் மாதக்கணக்காக விடாமல் வைத்திருக்க முடியும் என்பதுதான் விஷயம்.

வத்தக்குழம்பையே எடுத்துக்கொள்வோம். நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளியைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கவிடுவோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. எங்கள் வீட்டில் அம்மா பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவார், அது மூன்று கரண்டியா ஐந்து கரண்டியா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது, அது கைப்பழக்கம். சரி, அளந்தே ஊற்றினார் என்று வைத்துக்கொண்டாலும், சட்டியில் மிதக்கிற எண்ணெய் நாலு பேரில் யார் தட்டுக்கு எவ்வளவு போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஊற்றிக்கொண்டவருக்கு மேலாக நின்ற எண்ணெய், கடைசி ஆளுக்கு அடிமண்டி. கலோரி எண்ணுகிற மொபைல் ஆப்பில் வத்தக்குழம்பு என்று தேடினால் ஆளுக்கொரு கணக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒரு குழம்பில் 60 கலோரி முன்னே பின்னே போனால் குடிமுழுகிப் போகாது. ஆனால் பொரியல் தாளிப்பு, கூட்டுக்கு அரைத்த தேங்காய், ராத்திரி தோசையைச் சுற்றி விடுகிற எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளில் 200, 300 கலோரி சுலபமாகக் கணக்கில் தப்பிவிடும். கலோரி எண்ணுகிறவர் ஒரு நாளைக்குக் குறைக்க நினைப்பதே பெரும்பாலும் 300லிருந்து 500 வரைதான். பிழையே அந்த அளவுக்கு வந்துவிட்டால் அப்புறம் எண்ணி என்ன பயன்?

இதே சாப்பாட்டில் மாவுச்சத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி சோற்றில் இருக்கிறது, சோறு தட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம் கார்ப். வீட்டுச் சோற்றுக்கரண்டி ஒரு தடவைக்கு எவ்வளவு அள்ளுகிறது என்று ஒரே ஒரு முறை தராசில் வைத்துப் பார்த்துவிட்டால் போதும், எங்கள் கரண்டிக்கு 70 கிராம் சொச்சம், அதாவது 20 கிராம் கார்ப். முப்பது கிராம் மாவில் தேய்த்த சப்பாத்திக்கும் ஏறக்குறைய அதே 20. இட்லி சின்னதாக இருந்தால் 10. இரண்டு கரண்டி சோறு 40, மூன்று இட்லி 30 என்று சாப்பிடும்போதே மனதுக்குள் ஓடிவிடும், ஆப்பும் வேண்டாம் நோட்டும் வேண்டாம். சாம்பாரில் இருக்கிற பருப்பிலும் காயிலும் ஐந்து கிராம் தப்பினால் அது 20 கலோரிதான். அம்மாவிடம் போய் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள் என்று தினமும் நிற்கவும் வேண்டியதில்லை, கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

இன்னொரு நல்லது, சிறுதானியம் பற்றிய மயக்கம் தெளியும். வேகவைக்காத நிலையில் சாமையிலும் வரகிலும் 100 கிராமுக்குச் சுமார் 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, பச்சரிசியில் 78. நார்ச்சத்து கூடுதல், அதனால் நல்லதுதான், ஆனால் சாமைச் சோறு என்பதற்காக ஒரு கரண்டி அதிகம் போட்டுக்கொண்டால் அந்த வித்தியாசமும் போய்விடும்.

கார்ப் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நூறு கிராம் வேர்க்கடலையில் மாவுச்சத்து 16 கிராம்தான், கலோரியோ 560க்கு மேல். நெய்யில் கார்ப் சுத்தமாக இல்லை. இதை அடைக்க நான் எண்ணெயை மட்டும் மாதக் கணக்கில் பார்க்கிறேன். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 8,200 கலோரி, நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் 3 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200. மளிகைச் சீட்டில் ஒரு லிட்டர் கூடினால் உடனே தெரிந்துவிடும். கடலை, முந்திரி எல்லாம் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் வாரத்தில் இறங்கும் எடையை நம்பிவிட வேண்டாம். மாவுச்சத்து குறைந்ததும் உடம்பு மாவுச்சத்திலிருந்து சேர்த்துவைத்த கிளைகோஜன் என்ற இருப்பு கரைகிறது, அது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அந்தத் தண்ணீரும் வெளியே போவதால்தான் அவ்வளவு வேகம். இரண்டாவது மாதத்து எடையைப் பாருங்கள்.

நான் ஒரு நாளைக்கு 130 கிராமை ஒட்டியே நிற்கிறேன். மாவுச்சத்தை அடியோடு குறைக்கிற கீட்டோ உணவுமுறை மாதிரி 50 கிராமுக்குக் கீழே போனதில்லை, அதனால் அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. பல வருடம் இதே கணக்கில் இருந்தால் எப்படி என்பதையும் அப்படி இருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது, மருந்தின் அளவு அப்படியே இருக்க மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

கலோரி கணக்கு யாருக்குச் சரி என்றால், தனியாக இருந்து தானே அளந்து சமைக்கிறவர்களுக்கு, பாக்கெட்டில் அச்சடித்த அளவைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு, அப்புறம் சோறு கொஞ்சமாகவும் கறி மீன் நிறையவும் சாப்பிடுகிறவர்களுக்கு. கடைசியாகச் சொன்னவர்கள் தட்டில் கார்ப் எண்ணிப் பெரிதாக ஒன்றும் பிடிபடாது. மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் சோற்றையும் சப்பாத்தியையும் எண்ணினால் போதும், பரோட்டா நாளில் மட்டும் கலோரியையும் பார்க்க வேண்டும், அதில் மைதாவோடு எண்ணெயும் நிறைய ஏறியிருக்கும்.