கற்பனை உலகத்தார் எந்தத் தமிழில் பேசுவது?

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சுங்கச்சாவடி. படகுக்காரி ஒருத்தி காவலனிடம் இரவு தங்க இடம் கேட்கிறாள். நான் எழுதிவரும் மாயக்கதையின் முதல் காட்சி இது. அந்த உலகத்துக்கு வரைபடம் போட்டாயிற்று, வானத்தில் இரண்டு நிலவும் வைத்தாயிற்று. அவள் வாயைத் திறக்கும்போதுதான் எழுத்து நின்றுவிட்டது. தமிழே இல்லாத உலகத்தில் அவள் என்ன மொழி பேசுவாள்? அதே காட்சியை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன்.

கை முதலில் செந்தமிழுக்குத்தான் போனது. "ஐயா, எம் படகு பழுதுற்றது. இன்றிரவு இங்கே தங்க அருள்புரிய வேண்டும்." சரித்திரக் கதை படித்து வளர்ந்தவர்களுக்கு வாளும் கோட்டையும் வந்தாலே இந்தத் தமிழ்தான் காதில் கேட்கும். இதில் ஒரு நல்ல வசதியும் உண்டு. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்கள். போர்த்துகலே இல்லாத உலகத்தில் சாவி எப்படி வரும்? திறவுகோல், சாளரம் என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. ஆனால் பத்துப் பக்கம் போனதும் படகுக்காரியும் அரசியும் ஒரே குரலில் பேசினார்கள். பசியில் இருப்பவள் 'பழுதுற்றது' என்று சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை.

அப்புறம் எங்கள் ஊர்ப் பேச்சு. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிகாலை மீன் ஏலத்தில் காதில் விழும் தமிழ். "அண்ணே, படகு ஒடைஞ்சு போச்சு. இந்த ஒரு ராத்திரி இங்கயே கெடந்துக்கிறோம்." இப்படி எழுதியதும் அவளுக்கு முகம் வந்துவிட்டது. காவலன் "சரி, நாம பாத்துக்கலாம்" என்றால் அவளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டான். "நாங்க பாத்துக்கிறோம்" என்றால் கதவைச் சாத்திவிட்டான். நாம், நாங்கள் என்ற இந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்காது. நமக்கு அது கையிலேயே இருக்கிறது. அதைச் செந்தமிழிலும் காட்டலாம்தான், ஆனால் பேச்சில்தான் சுருக்கென்று தைக்கிறது.

சிக்கல் இல்லாமல் இல்லை. 'ஏலம்' என்ற சொல்லே போர்த்துகீசிய வழி வந்தது. கிழமைப் பெயர்கள் அதைவிடத் தொல்லை: இரண்டு நிலவு உள்ள வானத்தில் திங்கட்கிழமை என்றால் எந்தத் திங்கள்? கிழமைகளை அடியோடு எடுத்துவிட்டேன். சாவியையும் ஏலத்தையும் விட்டுவைத்தேன். வாசிப்பவர் காதுக்கு அவை அந்நியமாகப் படாதவரை போதும்.

மூன்றாவது வழி, புதுமொழியே செய்வது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் மொழியியல் அறிஞர். அவருக்கு மொழிகள் முதலில் வந்தன, கதை பிறகு. அவர்கூடத் தன் கதைமாந்தர்களின் பொதுமொழியை ஆங்கிலமாகத்தான் தந்தார், தான் மொழிபெயர்த்ததாகச் சொல்லிக்கொண்டு. 2015இல் வந்த பாகுபலிக்கு மதன் கார்க்கி கிளிக்கி மொழியை உருவாக்கினார். திரையில் குரலும் முகமும் பொருளைத் தாங்கும். தாளில் அந்த உதவி இல்லை. போதாததற்கு, க என்று எழுதினால் அந்தப் புதுச்சொல்லை எந்த ஒலியில் படிப்பது என்றே தெரியாது.

ஆனால் பெயர்களுக்கு இந்த வழி நன்றாகவே கைகொடுத்தது. ட, ர, ல, ற ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய இலக்கணம். அதனால்தான் இராமன், இலக்குவன் என்று எழுதினோம். வல்லின மெய்யில் சொல் முடியவும் முடியாது. அந்த இரண்டு விதியையும் வேண்டுமென்றே மீறி, மலைநாட்டாருக்கு டரக், றவிட் என்று பெயர் வைத்தேன். விளக்கமே வேண்டாம், இவர்கள் வேற்றாள் என்று காது சொல்லிவிடுகிறது.

நாலாவது புதுச்சேரி தந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை போகிறது. துபாஷி என்றாலே இருமொழிக்காரர். இரண்டு கூட்டத்துக்கு நடுவே அப்படி ஒருவரை நிறுத்தினேன். மலைநாட்டு அதிகாரி மூச்சுவிடாமல் பேசுகிறான், துபாஷி அரை வரியில் முடிக்கிறார். விட்டுப்போனது என்ன என்று படகுக்காரி யோசிக்கிறாள். புதுமொழியில் ஒரு சொல்கூட எழுதாமலே அங்கே இரண்டு மொழி இருப்பது தெரிந்துவிடுகிறது.

செந்தமிழா பேச்சா என்ற இழுபறி மட்டும் மிச்சம் இருந்தது. அது தீர்ந்தது திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில். சன்னதியில் தேவாரம் பாடிய அதே வாய், வெளியே வந்து கீரைக்கட்டுக்கு விலை பேசியது. ஆளுக்கு ஒரு தமிழ் என்று பிரித்துக்கொண்டிருந்தது என் தப்பு, வேளைக்கு ஒரு தமிழ்தான் சரி. இப்போது என் உலகத்தில் செந்தமிழ் வேண்டுதலுக்கும் கல்வெட்டுக்கும் மட்டும். மற்றதெல்லாம், அரண்மனை உட்பட, பேச்சு.

முதல் அத்தியாயம் இப்படி முடிகிறது. பொழுது விடிகிறது. படகுக்காரி தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அலைகளை ஆள்பவளே, கரை காட்டுவாய்" என்கிறாள். திரும்பி மகனைப் பார்த்து, "கயித்த அவுத்து விடுடா."